லாங்-ஆர்ம் குவில்டிங் மிஷின் வாங்கலாமா? மும்பை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் மாமியாரின் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி, டபுள் காட் அளவுக்கு ஒரு குவில்ட், அதாவது மூன்றடுக்குப் போர்வை, தைத்தேன். 90க்கு 100 அங்குலம். துண்டுகளை ஒட்டி மேல்துணி முடிக்கும் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுவில் பேட்டிங், அடியில் லைனிங் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோதுதான் ஆரம்பித்தது வினை. (பேட்டிங் என்றால் உள்ளே வைக்கிற பஞ்சுப் படுகை. எங்கள் வீட்டில் இந்த வார்த்தையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் ஸ்கோர் கேட்பார்.) என் மிஷினில் ஊசிக்கும் வலது பக்கத் தூணுக்கும் நடுவே ஏழு அங்குல இடம்தான். அதற்குள் பாதிக் குவில்ட்டை, அதாவது 45 அங்குலத்தை, பாய் மாதிரி சுருட்டித் திணித்து, திணித்ததை இழுத்து, இழுத்ததைத் திருப்பித் தைக்க வேண்டும். பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் வலது கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை.

அந்த வாரம்தான் லாங்-ஆர்ம் மிஷின், அதாவது ஊசிக்கும் தூணுக்கும் நடுவே நிறைய இடம் உள்ள குவில்ட் மிஷின், வாங்கும் ஆசை வந்தது. அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் விசாரித்தேன், அளந்தேன், கணக்குப் போட்டேன். செம்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இருக்கும் ஒருத்தியின் கணக்கு இது. முலுண்டிலோ டோம்பிவிலியிலோ இருப்பவர்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: அது எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண மிஷினில் ஊசி ஒரே இடத்தில் நிற்கும், துணி நகரும். லாங்-ஆர்மில் துணி நிற்கும், மிஷின் நகரும். நீளமான ஃப்ரேமில் உருளைகள் இருக்கும். லைனிங்கையும் மேல்துணியையும் அவற்றில் சுற்றி இழுத்துக் கட்டிவிடுவார்கள். மிஷின் தலை சக்கரங்கள் வைத்த வண்டியில் உட்கார்ந்து தண்டவாளத்தில் இடம் வலமாகவும் முன் பின்னாகவும் ஓடும். நீங்கள் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்து ஓட்டுவீர்கள். ஊசிக்கும் தூணுக்கும் நடுவே 18 முதல் 30 அங்குலம் வரை இடம் உண்டு. ஆனால் அத்தனையும் தைக்கக் கிடைக்காது. தைத்த பகுதி உருளையில் சுற்றிக்கொண்டே வந்து நாலைந்து அங்குலத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு முக்கியமான பாகம் ஸ்டிச் ரெகுலேட்டர். மிஷின் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைச் சக்கரத்தில் உள்ள சென்சார் பார்த்துக்கொள்ளும். நீங்கள் வேகமாகத் தள்ளினால் ஊசியும் வேகமாகக் குத்தும், நிறுத்தினால் நின்றுவிடும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தால் எங்கேயும் பத்துதான்.

கோலம் போடுகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். லாங்-ஆர்ம் என்பது தரை நிற்க, கை ஓடிக் கோலம் போடுவது. வீட்டு மிஷின் என்பது கையை அசைக்காமல் தரையை நகர்த்திக் கோலம் போடுவது. விளிம்பிலிருந்து விளிம்பு வரை நூல் அறாமல் போடும் குவில்ட் டிசைன்கள் பார்க்கவும் சிக்குக் கோலம் மாதிரியேதான் இருக்கும்.

கவனியுங்கள், துண்டு வெட்டுவது, மேல்துணி ஒட்டுவது, கடைசியில் ஓரப்பட்டி கட்டுவது, இவை எதையும் இந்த மிஷின் குறைக்காது. பெரிய குவில்ட்டைச் சின்ன இடுக்கில் திணிக்கும் ஒரே ஒரு தொல்லைக்குத்தான் இது மருந்து.

படி 2: நீங்கள் தைத்ததை எண்ணுங்கள்

தைக்கப்போவதை எண்ணாதீர்கள், அது எல்லாருக்கும் ஐம்பது அறுபது வரும். கடந்த இரண்டு வருடத்தில் முடித்ததை நோட்டில் எழுதுங்கள்: அளவு, யாருக்கு, மூன்றடுக்கும் சேர்த்துத் தைக்க எத்தனை நாள். என் நோட்டில் பதினேழு இருந்தன. அதில் பன்னிரண்டு குழந்தைகளுக்கானவை, 36க்கு 45 அங்குலம். இரண்டு சோபா மேல் போடுவது. மூன்றுதான் கட்டில் அளவு.

குழந்தைக் குவில்ட் வீட்டு மிஷினிலேயே ஒரு நாளில் முடிகிறது. அப்படியானால் என் தோள்பட்டையைக் கொன்றது இரண்டு வருடத்தில் மூன்று குவில்ட். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

படி 3: முதலில் சல்லிசான வழிகள்

நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடிகிற காரியங்களைச் செய்து பார்க்காமல் லட்சங்களைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மிஷினை மேஜைக்குள் இறக்கி, மிஷின் தட்டும் மேஜைப் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்யுங்கள். தெருமுனைத் தச்சர் அரை நாளில் வெட்டிக் கொடுத்துவிடுவார். குவில்ட்டின் கனம் மேஜையிலிருந்து தொங்கினால் அது ஊசியை இழுக்கும். தையல் கோணலாவதற்குப் பாதிக் காரணம் அதுதான், உங்கள் கையில்லை. இடது பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேஜை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட் என்ற அழுத்துபாதம் வாங்குங்கள். மேலடுக்கையும் கீழடுக்கையும் சேர்த்து நகர்த்துவதால் சுருக்கம் விழாது. வளைவுகளுக்குத் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, டார்னிங் ஃபுட் மாட்டி, கையால் ஓட்டிப் பழகுங்கள். ரப்பர் புள்ளி வைத்த தோட்டக்காரர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது.

பெரிய குவில்ட்டை மூன்று பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பேட்டிங்கோடு தனித்தனியாகத் தைத்துவிட்டுக் கடைசியில் இணைக்கும் முறையும் இருக்கிறது. ஏழு அங்குல இடத்தில் கட்டில் அளவு தைக்க இதைவிட மேலான தந்திரம் எனக்குத் தெரியாது. இணைப்புக் கோட்டை லைனிங் பக்கம் கையால் மூட வேண்டும், அவ்வளவுதான். மஹாராஷ்டிரப் பாட்டிகள் பழைய நூல் புடவைகளை அடுக்கிக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் கோதடி தைக்கிறார்களே, அவர்களுக்குத் தூணும் இல்லை, அங்குலக் கணக்கும் இல்லை. எங்கள் பில்டிங்கில் வேலைக்கு வரும் ஆஜி (மராத்தியில் பாட்டி) ஒருவர் தைத்த கோதடியின் நேர்கோட்டைப் பார்த்துவிட்டு என் மிஷின் தையலை ஒரு வாரம் யாருக்கும் காட்டவில்லை.

இதற்கு அடுத்த படி, நேர்தையல் மட்டும் போடும் வேகமான மிஷின். ஜூகி டிஎல்-2010க்யூ மாதிரியானவை. எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் இடம், நிமிடத்துக்கு 1500 தையல். ஒன்றரை அங்குலம் கூடுதல் என்றால் சிரிப்பு வரலாம். சுருட்டித் திணிக்கும்போது அந்த ஒன்றரை அங்குலம் தெரியும்.

அதற்கும் மேலே உட்கார்ந்து தைக்கும் லாங்-ஆர்ம் என்று ஒரு ஜாதி இருக்கிறது. ஃப்ரேம் கிடையாது. பெரிய தலையை மேஜையில் பதித்திருப்பார்கள், துணியை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். பெர்னினா க்யூ 20 என்பதில் 20 அங்குல இடம். ஒரு பெரிய எழுதுமேஜை அளவு இடம் போதும். மும்பைக்கு ஏற்ற லாங்-ஆர்ம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் மூன்றடுக்கையும் முன்கூட்டியே பின் குத்தியோ ஓட்டுத்தையல் போட்டோ சேர்க்கும் வேலை இதில் தப்பாது. ஃப்ரேமில் அந்த வேலையே இல்லை.

படி 4: தரையை அளந்து பாருங்கள்

இங்கேதான் மும்பைக்காரர்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

90 அங்குல அகல மேல்துணிக்கு லைனிங் இரு பக்கமும் நாலு நாலு அங்குலம் கூடுதலாக வேண்டும். ஆக 98. பத்தடி ஃப்ரேம் என்பது 120 அங்குலம், அதில் தைக்கக் கிடைப்பது ஒரு அடிக்கு மேல் குறையும். எனவே பத்தடிதான் குறைந்தபட்சம். கிங் சைஸ் தைப்பேன் என்றால் பன்னிரண்டடி.

பத்தடி ஃப்ரேமின் ஆழம் நாலடி என்று வையுங்கள். முன்னால் நின்று ஓட்ட மூன்றடி. பேட்டர்ன் காகிதத்தை மேஜையில் விரித்து, லேசர் புள்ளியால் அதன் மேல் தடம் பிடித்துத் தைப்பதைப் பின்பக்கம் நின்றுதான் செய்ய வேண்டும், அதற்கு இரண்டரை அடி. பக்கவாட்டில் ஒன்றரை ஒன்றரை அடி. மொத்தம் 13க்கு ஒன்பதரை, ஏறக்குறைய 124 சதுர அடி. எங்கள் இரண்டாவது பெட்ரூம் 10க்கு 11. கதையே முடிந்தது. ஹாலில்தான் போட வேண்டும்.

சரி, ஹாலில் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க மாஸ்கிங் டேப் வாங்கித் தரையில் அந்த அளவுக்குக் கட்டம் ஒட்டினேன். ஒரு வாரம் யாரும் அதை மிதிக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் நாள் மாமனாரின் ஈஸிசேர் பால்கனி வாசலுக்குப் போனது. மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து சாம்பார்ப் பாத்திரத்தோடு வந்த நான் டைனிங் டேபிளுக்குப் போக, மறந்து கட்டத்தின் குறுக்கே நாலு எட்டு வைத்துவிட்டேன். மாமனார் ஈஸிசேரிலிருந்து, "மிஷின் உடைஞ்சுது!" என்று கத்தினார். இந்த ஒரு வாரச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். எந்த டீலரின் விளம்பரப் புத்தகமும் இதைச் சொல்லாது.

இன்னும் மூன்று அளவுகள். ஒன்று, தரை மட்டம். ஃப்ரேம் ஒரு பக்கம் சரிந்தால் மிஷின் தலை தானாக உருண்டு போகும், வளைவுகள் இழுத்துக்கொள்ளும். கோலிக்குண்டை நாலு இடத்தில் தரையில் வைத்துப் பாருங்கள். ஃப்ரேம் கால்களில் மட்டம் செய்ய திருகு உண்டு, ஆனால் பழைய கட்டடங்களில் சரிவு அதிகம். இரண்டு, லிஃப்ட்டும் மாடிப்படித் திருப்பமும். சில ஃப்ரேம்கள் ஐந்தடித் துண்டுகளாக வரும், சிலவற்றில் தண்டவாளம் முழு நீளம். டீலரிடம் மிக நீளமான பெட்டியின் அளவைக் கேளுங்கள். மூன்று, கீழ்வீட்டுக்காரர். மிஷின் அதிர்வு தரை வழியாக இறங்கும். மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை சொசைட்டியில் சத்தம் கூடாது என்றால் உங்கள் தையல் நேரமே போச்சு.

படி 5: கை வைத்துப் பாருங்கள்

வீடியோ பார்த்து வாங்காதீர்கள். அமெரிக்காவில் எடிசன் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு குவில்ட் கடையில் அரை நாள் வகுப்பு முடித்து, மணிக்கணக்கு வாடகைக்கு மிஷினை எடுத்தேன். அமெரிக்காவில் பல கடைகளில் இந்த வசதி உண்டு. உறவுக்காரர் அங்கே இருந்தால் அடுத்த பயணத்தில் முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் போடுவது சுலபம் என்று நினைத்தேன். கைப்பிடியைத் தள்ளினேன். இடம் வலமாக வெண்ணெய் மாதிரி ஓடிய மிஷின், சாய்வாகத் திரும்பும்போது சின்னதாக முரண்டு பிடித்தது. என் வட்டங்கள் எல்லாம் மூலை உள்ள வட்டங்கள். இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். சொல்லிக்கொடுத்த பெண்மணி என் விரல்களைத் தட்டித் தட்டித் தளர்த்தினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மூலைகள் மழுங்கின.

அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். தைத்த இடத்துக்குக் கீழே கையை விட்டு, லைனிங்கை விரல் நுனியால் தடவச் சொன்னார். நேர்கோட்டில் வழவழவென்று இருந்தது. வளைவில் நூல் முடிச்சு முடிச்சாக உறுத்தியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், வளைவின் ஓரமெல்லாம் கண் இமை மயிர் மாதிரி நூல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. மேல் நூல் தளர்வு, வளைவில் வேகம் அதிகம், இரண்டும் சேர்ந்தால் இப்படி ஆகும். வீட்டு மிஷினில் குவில்ட்டைத் திருப்பிப் பார்த்துவிடலாம். ஃப்ரேமில் கட்டியதைத் திருப்ப முடியாது. தடவிப் பார்க்காமல் மூன்றடி ஓட்டிவிட்டால் மூன்றடியையும் பிரிக்க வேண்டியதுதான்.

நீங்கள் போகும்போது காட்சிக்கு வைத்திருக்கும் வழவழ துணியில் தைக்காதீர்கள். உங்கள் துணி, உங்கள் பேட்டிங், முடிந்தால் உங்கள் நூல் கொண்டு போங்கள். ஜரிகைக் கரை வைத்த புடவைத் துண்டு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஊசிக்கு உண்மையான பரீட்சை அதுதான். இரண்டு மணி நேரமாவது நில்லுங்கள். தோள்பட்டைக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் முழங்கால் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: பணம்

ஹேண்டி குவில்டர், காமில், ஏபிக்யூஎஸ், பெர்னினா என்று பெயர்கள் நிறைய. அமெரிக்க விலை சில ஆயிரம் டாலரில் தொடங்கி, கணினியே டிசைன் போடும் வகை முப்பது நாற்பதாயிரம் டாலர் வரை போகும். அந்த டாலரை ரூபாயாகப் பெருக்கி அதுதான் விலை என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், சுங்கவரி, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), கிளியரிங் ஏஜென்ட் கட்டணம், நாவா ஷேவா துறைமுகத்திலிருந்து வீடு வரை லாரி, மாடிக்கு ஏற்றும் கூலி, பொருத்துபவர் கூலி எல்லாம் சேர்த்து வீட்டு ஹாலில் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் விலை. வியாபாரத்துக்காக நீங்களே இறக்குமதி செய்வதானால் ஐஇசி எண்ணும் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) வேண்டும்.

இனி ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் வெறும் உதாரணம், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வந்து நிற்கும் விலை 8 லட்சம். மற்றவர்களுக்குக் கட்டில் அளவு தைத்துக் கொடுக்க 4,000 வாங்குகிறீர்கள், நூல், ஊசி, கரண்ட் போக 3,600 மிச்சம். போட்ட முதல் திரும்ப 223 குவில்ட் வேண்டும்.

அதோடு தரையையும் சேருங்கள். 124 சதுர அடிக்கு மாதம் சதுர அடி 80 ரூபாய் வாடகை என்றால் கிட்டத்தட்ட 10,000. சொந்த வீடுதானே என்று சொல்லாதீர்கள், அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் வரும் பணம் அது. ஆக மாதம் முதல் மூன்று குவில்ட் கிட்டத்தட்ட தரைக்கே போய்விடும். மாதம் நாலு வந்தால் மிச்சம் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், போட்ட முதல் திரும்ப ஏறக்குறைய 15 வருடம். மாதம் 15 வந்தால் ஒன்றரை வருடம். நடுவில் எங்கே நிற்பீர்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று வாங்குவார்கள். இரண்டு சென்ட் என்றால் என் 90க்கு 100 குவில்ட்டுக்கு 180 டாலர். அங்கே மேல்துணி மட்டும் ஒட்டி வைத்துவிட்டு மீதியைத் தைக்கக் கொடுப்பவர்கள் ஏராளம். இங்கே அந்தக் கூட்டம் சின்னது, ஜெய்ப்பூர் ரஜாயை (பஞ்சுப் போர்வை) மடித்து பையில் போட்டுக் கொடுக்கும் கடை தெருவுக்குத் தெரு. நம்மிடம் வருகிறவர்கள் பாட்டி புடவையை நினைவாக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள். அவர்கள் பேரம் பேசுவதில்லை, ஆனால் மாதம் 15 பேர் வருவதுமில்லை. வாங்குவதற்கு முன்பே கையில் ஆர்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மிஷின் வந்தால் ஆர்டர் வரும் என்று எனக்கு ஒருவர் சொன்னார், அவர் மிஷின் விற்பவர்.

படி 7: கெட்டுப்போனால் யார் வருவார்கள்?

ஊசி, நேராக ஓட்ட வைத்திருக்கும் ரூலரில் இடித்தாலோ தடித்த மடிப்பில் வேகமாக ஏறினாலோ ஹூக் டைமிங், அதாவது கீழே நூலைப் பிடிக்கும் கொக்கியும் ஊசியும் சேரும் நேரம், தப்பும். ஜூகி மாதிரி மிஷின் என்றால் மும்பையில் அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. லாங்-ஆர்மின் ஹூக்கையும் அவர்கள் ஒருவேளை சமாளித்துவிடுவார்கள். சென்சார், ரெகுலேட்டர் போர்டு போனால் கை விரித்துவிடுவார்கள். நான் ஒரு டீலரிடம் இதைக் கேட்டேன், பெயர் வேண்டாம். விற்பனைக்கு முன் தினமும் போன் செய்தவர், "போர்டு போனா எத்தனை நாள்ல வரும்?" என்ற ஒரே கேள்விக்கு மூன்று வாரம் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுவே பதிலாகப் போதுமாக இருந்தது.

அமெரிக்காவுக்கான மாடல் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்த மாடல் இந்தியக் கரண்டில் ஓடும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில்.

மழைக்காலம் தனிப் பாடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே இரும்புச் சாமான் எல்லாம் துருப்பிடிக்கும், பஞ்சுப் படுகை ஈர வாடை அடிக்கும். தண்டவாளத்தை உலர்ந்த துணியால் தினம் துடைக்க வேண்டும். பாபின் மாற்றும்போதெல்லாம் ஹூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் சில தையலைப் பழந்துணியில் ஓட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொட்டு சுங்குடியில் இறங்கும்.

லைனிங் துணியும் யோசிக்க வேண்டிய விஷயம். மங்கள்தாஸ் மார்க்கெட்டில் கிடைக்கும் நல்ல காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம். பெரிய குவில்ட்டுக்கு மூன்று அகலம் ஒட்டியாக வேண்டும். ஒட்டும்போது இணைப்புக் கோடு உருளைக்கு இணையாகப் போகும்படி வைத்தால் சீராகச் சுற்றும். நாலு மூலையும் சரியான சதுரமாக இல்லாவிட்டால் ஃப்ரேமில் ஒரு பக்கம் தொங்கும். அகலமான பெட்ஷீட் துணி கிடைத்தால் இந்த வேலை மிச்சம்.

படி 8: அட்வான்ஸுக்கு முன்

எழுத்தில் வாங்க வேண்டியவை: எல்லாம் சேர்த்து வீட்டில் வந்து நிற்கும் மொத்த விலை, பெட்டி அளவுகள், மின்சாரம், வாரன்ட்டி, இந்தியாவில் யார் பழுது பார்ப்பார், இதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டில் போய்ப் பார்க்க அனுமதி. கடைசியானதைத் தட்டிக்கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் முடிவு: ஃப்ரேம் வைத்தது வேண்டாம். நேர்தையல் மிஷின் ஒன்றை வாங்கி, தச்சரைக் கூப்பிட்டு ஜன்னலோர மேஜையில் இறக்கிவிட்டேன். கட்டில் அளவை மூன்று பாகமாகத் தைக்கிறேன். வருடத்தில் எட்டு பெரிய குவில்ட் என் நோட்டில் ஏறினால் உட்கார்ந்து தைக்கும் லாங்-ஆர்முக்கு மறுபடி விசாரிப்பது என்று வீட்டில் பேச்சு. இந்த வருடம் இதுவரை இரண்டு ஏறியிருக்கிறது, மூன்றாவதற்கு லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.